ஷூவுக்கு சர்ட்டிபிகேட் இருக்கு... ஆத்துக்கு?

"எந்த ஊரு?"

"ஆம்பூர் பக்கம்."

"ஆஹா... பிரியாணி!"

காலேஜில் சேர்ந்த முதல் நாளிலிருந்து இந்த டயலாக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்தே போச்சுங்க. சீரகச் சம்பா, தொட்டுக்க கத்திரிக்காய்... எல்லாம் சரிதான். ஆனா எங்க ஊருக்கு இன்னொரு முகமும் இருக்கு. காலையில் ஆறு மணிக்கு மெயின் ரோட்டுக்கு வந்து பாருங்க. தலை நிறைய பூ, கையில் டிபன் பாக்ஸ்... ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக வரிசையா நிற்கிற அக்காக்கள், அம்மாக்கள். அந்த வரிசையில் என் அம்மாவும் இருப்பாங்க.

அம்மாவுக்கு ஸ்டிச்சிங் செக்‌ஷனில் வேலை. ஷூவோட மேல் பாகத்தை 'அப்பர்'னு சொல்வாங்க. அதை மெஷினில் தைக்கணும். அந்தச் சம்பளத்தில்தான் நான் பி.காம். மூணாவது வருஷம் படிக்கிறேன். இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா, இனி நான் சொல்லப் போறது எதுவும் 'டேனரியை எல்லாம் இழுத்து மூடு'ங்கிற கோஷம் இல்லை. மூடினா முதல்ல அணையப் போறது எங்க வீட்டு அடுப்புதான்!

அம்மா பஸ் ஏறுற அதே நேரத்தில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து பாலாத்தைப் பார்த்துட்டு இருப்பார். மாதனூருக்கும் ஆம்பூருக்கும் நடுவில் எங்க கிராமம். தாத்தாவுக்கு 2 ஏக்கர் நிலம், ஒரு கிணறு. ஒரு காலத்தில் நெல், கரும்பு, வரப்பு ஓரமா தென்னைன்னு பச்சைப் பசேல்னு இருந்த பூமி. தொண்ணூறுகளில் கிணத்துத் தண்ணி கரிக்க ஆரம்பிச்சதாம். முதல்ல நெல் போச்சு. அப்புறம் தென்னை குரும்பையிலேயே உதிர்த்தது. கடைசியில் மண்ணு மேலேயே வெள்ளையா உப்பு பூத்துடுச்சு. டீச்சர் டிரெயினிங் சேரணும்னு ஆசைப்பட்ட அம்மா, பிளஸ் டூ முடிச்சதும் ஷூ கம்பெனிக்குப் போனாங்க.

"நெலத்தைத் தின்னதும் தோலுதான் கண்ணு, சோறு போட்டதும் தோலுதான்" என்பார் தாத்தா. கோபமா சொல்றாரா, நன்றியோட சொல்றாரா... இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

'கண்டறியப்படவில்லை!'

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு மேடம் கொடுத்த தலைப்பைக் கேளுங்க: 'சர்வதேச வர்த்தக ஒப்பந்தங்களில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு - அரசுத் துறைகளின் பங்கு'. மூச்சு வாங்குதா? எனக்கும் வாங்குச்சு! பக்கத்து பெஞ்ச் தோழிக்கு 'செல்போன் விளம்பரங்களும் இளைஞர்களும்'. எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு புலம்பிக்கிட்டே ஒரு தோல் ஏற்றுமதி கம்பெனியில் 15 நாள் டிரெயினிங்குக்குப் போனேன்.

மூணாவது நாள் எக்ஸ்போர்ட் செக்‌ஷன் சார் ஒரு பேப்பரைக் காட்டினார். லேப் ரிப்போர்ட். வரிசையா வாயில் நுழையாத கெமிக்கல் பெயர்கள். பென்டாகுளோரோபீனால், அசோ சாயம், குரோமியம் 6... ஒவ்வொண்ணுக்கும் எதிரே ஒரே பதில்தான். 'கண்டறியப்படவில்லை.'

"இந்தப் பேப்பர் இல்லைன்னா நம்ம சரக்கு ஐரோப்பாவுல போணியாகாதும்மா" என்றார் சார்.

எனக்கு உடனே தோணினது ஒண்ணுதான். தாத்தாவோட கிணத்துக்கு இப்படி ஒரு பேப்பர் யாராவது கொடுத்திருக்காங்களா?

அவ்வளவுதான்... கடனேன்னு ஆரம்பிச்ச புராஜெக்ட் என்னைப் பிடிச்சுக்கிச்சு.

ஜெர்மனி ஒரு தடவை இருமினா...

எங்க பக்கத்து டேனரிகள் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டாங்க. அரைகுறையா பதனிட்ட தோல் கப்பலேறும். அங்கே அதை ஷூவாகவும் பையாகவும் மாத்தி நல்ல காசு பார்ப்பாங்க. 'லாபம் ஏன் வெளியே போகணும்? தோலை முழுசா இங்கேயே பதப்படுத்தி அனுப்புவோம்'னு 1970களில் மத்திய அரசு கொள்கையை மாத்துச்சு. பச்சைத் தோல், பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கெல்லாம் கட்டுப்பாடு வந்தது. வேலை பெருகுச்சு. டாலர் வந்தது. கூடவே குரோமியம், சாயம், உப்பு எல்லாம் வந்து சேர்ந்தது. மேல்நாட்டுல டேனரிகள் குறைஞ்சுக்கிட்டே வர, பாலாத்தங்கரையில் கூடிக்கிட்டே போச்சு.

1989 டிசம்பரில் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. தோலில் பூஞ்சை பிடிக்காம இருக்கப் போடுற பென்டாகுளோரோபீனால் உடம்புக்குக் கெடுதல். ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தா உள்ளே விடமாட்டோம்! எங்க ஊர்க்காரங்களுக்கு ஜெர்மனி பெரிய கஸ்டமராச்சே? டேனரிகள் ஆடிப் போயிட்டாங்க. சென்னை அடையாறில் இருக்கிற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று மருந்து, பரிசோதனைன்னு உதவிக்கு வந்தது. இந்திய அரசும் அந்த மருந்தைத் தடை செஞ்சது. சில வருஷத்திலேயே பிரச்னை தீர்ந்தது.

அடுத்து 1994-ல் அசோ சாயங்கள். புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருளா மாறுகிற சாயங்களுக்கு ஜெர்மனியில் தடை. 1997-ல் நம்ம மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகமும் அந்த வகைச் சாயங்கள் பலவற்றைத் தடை செஞ்சது. இப்போ குரோமியம் 6-க்கு வருவோம். டேனரியில் போடுறது குரோமியம் 3. சரியா பக்குவம் பண்ணலைன்னா அதுல கொஞ்சம் 6-ஆ மாறிடும். தோலில் பட்டா அலர்ஜி. 2015 மே 1 முதல், கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே ஐரோப்பிய யூனியனில் விற்கக் கூடாது.

இதெல்லாம் நல்ல விஷயம்தானே? சந்தேகமே இல்லை. ஆனா நல்லா கவனிச்சுப் பாருங்க. இந்த எல்லாச் சட்டமும் அளக்கிறது எதை? ஷூவை! பெர்லின்ல அதைப் போட்டு நடக்கிறவர் பாதம் பத்திரமா இருக்கணும். அந்த ஷூவைச் செஞ்சப்போ பாலாத்தில் என்ன கலந்ததுன்னு அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரி கூட கிடையாது.

ஆத்துக்காக ஒரு கேஸ்

அப்போ ஆத்துக்காக யாருமே பேசலையா? பேசினாங்க. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை 1991-ல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல வழக்கு போட்டது. 1996 ஆகஸ்ட் 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான பெஞ்ச் தீர்ப்பு சொன்னது. நம்ம நாட்டில் எந்தச் சட்டக் கல்லூரியில் கேட்டாலும் இந்த கேஸ் தெரியாம இருக்காது. எங்க பக்கத்துப் பசங்களுக்குத்தான் தெரியாது! (எனக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாதுங்க. தலையில் குட்டிக்கிறேன்.)

தீர்ப்பில் இருக்கிற கணக்கைப் பாருங்க. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணி. சுமார் 170 வகை கெமிக்கல்கள். பாதியாகவோ முழுசாகவோ விவசாயத்துக்கு லாயக்கில்லாம போன நிலம், கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர். நாட்டின் பதனிட்ட தோல் ஏற்றுமதியில் தமிழ்நாட்டுப் பங்கு அப்போ சுமார் 80 சதவீதம்னும் அதே தீர்ப்பு சொல்லுது. அந்நியச் செலாவணி வேணும், வேலைவாய்ப்பும் வேணும். அதுக்காக இயற்கையை அழிக்கிற உரிமை யாருக்கும் இல்லைன்னு கோர்ட் கறாரா சொல்லிடுச்சு. 5 மாவட்ட டேனரிகள் ஒவ்வொண்ணுக்கும் 10,000 ரூபாய் அபராதம். பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேரணும், இல்லைன்னா சொந்தமா கட்டணும்.

'கெடுதல் வரும்னு அறிவியல்பூர்வமா முழுசா நிரூபணம் ஆகுற வரைக்கும் காத்திருக்காதே, முன்னாடியே தடு.' 'மாசுபடுத்தினவன்தான் செலவை ஏத்துக்கணும்.' இந்த ரெண்டு கொள்கையும் நம்ம நாட்டுச் சட்டத்தில் ஒரு பகுதின்னு சொன்னது இந்தத் தீர்ப்புதான். எங்கேயிருந்து எடுத்தாங்க தெரியுமா? 1992-ல் பிரேசில் நாட்டு ரியோவில் உலக நாடுகள் சேர்ந்து போட்ட பிரகடனத்திலும் இருக்கு இந்தக் கொள்கைகள். ஆக, உலகம் பேசினது பாலாறு வரைக்கும் வந்து சேர்ந்தது... ஆனா வர்த்தக ஒப்பந்தம் வழியா இல்லை, கோர்ட் வழியா!

அதுக்கப்புறம்? இழப்பைக் கணக்குப் போட ஒரு ஆணையம் வந்தது. வேலூர் மாவட்டத்தில் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு தரணும்னு 2001-ல் சொன்னது. விஷயம் அதோட முடியலை. 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடியும் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. பாக்கி இழப்பீட்டை அரசு கொடுக்கணும், அதை மாசுபடுத்தினவங்க கிட்ட வசூல் பண்ணணும், ஓய்வுபெற்ற ஹைகோர்ட் நீதிபதி தலைமையில் கமிட்டி போட்டு ஆத்தைக் கண்காணிக்கணும்னு உத்தரவு.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஷூவுக்குள்ள இருந்த விஷத்தை எடுக்க சில வருஷம் போதுமா இருந்தது. ஆத்துக்குள்ள இருக்கிறதுக்கு 1991-ல் இருந்து 34 வருஷம் கழிச்சும் கோர்ட் உத்தரவு போட்டுட்டு இருக்கு.

"நீ மனு எழுதிக் கொடுத்தியா தாத்தா?"ன்னு கேட்டேன்.

"இல்ல கண்ணு. எழுதிக் குடுத்தா ஆறு திரும்பி வருமான்னு உட்டுட்டேன்."

பொருளா... செய்முறையா?

ஏன் இப்படி? வர்த்தக ஒப்பந்தத்திலேயே ஆத்தையும் சேர்த்துட்டா என்ன? இங்கேதான் என் புராஜெக்ட்டோட முக்கியமான முடிச்சு வருது. கொஞ்சம் நிதானமா வாங்க.

1995-ல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. அதுக்கு முன்னாடி 1947-ல் போட்ட 'காட்' ஒப்பந்தம்தான் அதுக்கு அஸ்திவாரம். அந்த ஒப்பந்தத்தின் 20-வது பிரிவு ஒரு ஜன்னல் மாதிரி. மனிதர், விலங்கு, தாவரங்களைக் காக்கவும், தீர்ந்து போகக்கூடிய இயற்கை வளங்களைக் காக்கவும் ஒரு நாடு இறக்குமதியைத் தடுக்கலாம். ஆனா அந்தச் சாக்கில் ஒரு நாட்டுக்கு ஒரு நியாயம், இன்னொரு நாட்டுக்கு வேற நியாயம்னு நடக்கக் கூடாது.

பொருளே கெடுதல்னா தடுக்கிறது சுலபம். பொருள் சுத்தம், ஆனா அதைச் செஞ்ச விதம் கெடுதல்னா? அங்கேதான் சண்டை! 1998-ல் ஒரு பிரபலமான கேஸ். கடலாமை தப்பிக்கிற கருவியை வலையில் மாட்டாம பிடிச்ச இறாலை வாங்க மாட்டோம்னு அமெரிக்கா சொல்ல, இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நாலு பேரும் வழக்கு போட்டாங்க. ஆமையைக் காப்பாத்துற நோக்கம் சரிதான், ஆனா அமெரிக்கா எல்லா நாட்டையும் ஒரே மாதிரி நடத்தலைன்னு தீர்ப்பாச்சு. நம்ம நாட்டுக்கு ஜெயிச்ச மாதிரிதான். ஆமைக்கு? 2019-ல் நம்ம கடல் இறாலுக்கு அதே காரணத்துக்காக அமெரிக்கா மறுபடியும் தடை போட்டது!

'எப்படிச் செஞ்சே'ங்கிற கேள்வி வர்த்தகத்துக்குள்ளே வரக் கூடாதுன்னு நம்ம அரசு ரொம்ப காலமா பிடிவாதமா இருந்தது. முதல்ல எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்புறம் அதிலும் ஒரு நியாயம் இருக்குன்னு புரிஞ்சது. பணக்கார நாடுகள் தங்கள் ஆறுகளை எல்லாம் நாறடிச்சு முன்னேறிட்டு, இப்போ 'சுற்றுச்சூழல்' பேரைச் சொல்லி ஏழை நாட்டுச் சரக்கைத் தடுத்தா? சுத்தமா செய்யச் சொல்றவங்க, அதுக்கான விலையைத் தர மாட்டேன்னு ஒரு ஜோடிக்கு அரை டாலர் பேரம் பேசினா? அப்போ பாதிக்கப்படப் போறது என் அம்மா வேலைதானே!

இப்போ காத்து கொஞ்சம் மாறுது. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் நாடுகளோட 2024 மார்ச் 10-ல் இந்தியா ஒரு ஒப்பந்தம் போட்டது. அதில் முதல் முறையா, வர்த்தகமும் நிலைத்த வளர்ச்சியும்னு தனி அத்தியாயமே இருக்கு. 2025 ஜூலை 24-ல் பிரிட்டனோட கையெழுத்தான ஒப்பந்தத்திலும் சுற்றுச்சூழலுக்குத் தனி அத்தியாயம். எங்க ஊரில் இதைவிட பெரிய செய்தி, தோல் ஷூவுக்கான 16 சதவீதம் வரையிலான வரி பிரிட்டனில் பூஜ்யமாகும்ங்கிறதுதான்.

ஆனா ஒரு விஷயம். வரி பத்தின வாக்குறுதியை மீறினா நடுவர் மன்றம் வரைக்கும் இழுக்கலாம். நாலு நாட்டு ஒப்பந்தத்தில் இந்தச் சுற்றுச்சூழல் அத்தியாயத்துக்கு மட்டும் அது கிடையாது. உட்கார்ந்து பேசிக்கலாம், அவ்வளவுதான். வரிக்குப் பல் இருக்கு. ஆத்துக்குப் பொக்கை வாய்!

கல்யாணம் பேசறது ஒருத்தர்...

சரி, நம்ம பக்கம் யார் யார் இருக்காங்க? பேச்சுவார்த்தையில் முன்வரிசையில் உட்கார்வது மத்திய வர்த்தக அமைச்சகம். தடை, விதிமுறை எல்லாம் போடுறது சுற்றுச்சூழல் அமைச்சகம். மாற்று வழி கண்டுபிடிக்கிறது தோல் ஆராய்ச்சி நிறுவனம். டேனரி வாசலில் போய்ப் பார்க்க வேண்டியது தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கல்யாணம் பேசி முடிக்கிறது ஒருத்தர், குடும்பம் நடத்துறது இன்னொருத்தர்ங்கிற கதைதான். பேசி முடிச்ச இடத்தில் ஆர்டர் கூடும். கூடின ஆர்டருக்குத் தகுந்த கழிவு நீர் எங்கே போகும்ங்கிற கவலை கடைசி ஆள் தலையில்.

மாற்றமே இல்லைன்னு சொல்லலை. பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தாச்சு. சொட்டுத் தண்ணி கூட வெளியே விடக் கூடாதுங்கிற விதியும் வந்தாச்சு. சாயத்தையும் அழுக்கையும் பிரிக்கிறது ஓரளவு சுலபம், உப்பைப் பிரிக்கிறதுதான் பெரும்பாடு. தண்ணியை வடிகட்டி, காய்ச்சி உப்பைத் தனியா எடுக்க மின்சாரமும் விறகும் பணத்தைக் கரைக்கும். எடுத்த உப்பும் சேறும் இங்கேயேதான் கிடக்கும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டி உடைஞ்சு, பக்கத்து டேனரியில் தூங்கிட்டிருந்தவங்களை மூடிடுச்சு. 10 பேர் போயிட்டாங்க. பெரும்பாலும் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவங்க. அந்த விலை எந்த எக்ஸ்போர்ட் இன்வாய்ஸில் ஏறுச்சு?

'மாசுபடுத்தினவன் செலவை ஏத்துக்கணும்'... ரொம்ப சரி. ஆனா ஷூ லண்டன்ல நடக்குது, கம்பெனி ஆம்பூர்ல இருக்கு, பேரம் எங்கேயோ ஏ.சி. ரூம்ல முடியுது. இதில் செலவை ஏத்துக்க வேண்டியது யார்? கம்பெனி முதலாளி மட்டுமா? பாதி விலைக்குக் கேட்ட வெளிநாட்டு பிராண்டுக்குப் பங்கு இல்லையா? என் புராஜெக்ட் முடிவுரையில் நான் எழுதினது இதைத்தான். ஒப்பந்தம் ஷூவை மட்டும் அளந்தா போதாது, ஆத்தையும் அளக்கணும். அளக்கிற செலவில் வாங்குறவங்களுக்கும் பங்கு இருக்கணும். அப்போதான் அது அம்மாவோட வேலைக்கும் வேட்டு வைக்காது, தாத்தாவோட கிணத்தையும் மறக்காது.

ரெண்டு பேப்பர்

கடைசியா ஒரு வேலை பாக்கி இருந்தது. தாத்தா கிணத்தில் ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டு காலேஜ் கெமிஸ்ட்ரி லேபுக்குப் போனேன். குடிநீரில் கரைந்திருக்கிற உப்புக்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கணும்ங்கிறது இந்தியத் தர அளவு. வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும் போகலாம். மீட்டர் அந்த ரெண்டாவது கோட்டையும் தாண்டிப் போய் நின்னது. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்ட சார், "இது எந்த ஊர் தண்ணிம்மா?"ன்னு கேட்டார். சொன்னேன். அவர் பிரியாணி பத்திப் பேசலை.

ராத்திரி அம்மாவுக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். பூ கட்டிக்கிட்டே கேட்டாங்க.

"பிரிட்டன்ல வரி இல்லைன்னா எங்களுக்கு ஆர்டர் நெறைய வருமா?"

"வரும்மா."

"ஓவர்டைம் கூட வரும்."

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "தண்ணி பேப்பரைத் தாத்தாகிட்ட காட்டாதே"ன்னாங்க.

காட்டலை. ஆனா புராஜெக்ட்டின் கடைசியில் ரெண்டு இணைப்பு வெச்சிருக்கேன். முதலாவது, கம்பெனிப் பேர் மறைச்ச ஷூ லேப் ரிப்போர்ட்: கண்டறியப்படவில்லை. ரெண்டாவது, தாத்தாவோட கிணறு: கண்டறியப்பட்டது.

வைவாவுக்கு வந்த எக்ஸ்டர்னல் சார் ரெண்டையும் மாத்தி மாத்திப் பார்த்தார். "இந்த ரெண்டாவது பேப்பர் சிலபஸ்ல இல்லையேம்மா?" என்றார்.

"அதான் சார் பிரச்னையே!"ன்னேன்.

மார்க் இன்னும் வரலை. வந்தா சொல்றேன். அதுவரைக்கும் நீங்க ஒண்ணு பண்ணுங்க. இன்னிக்கு ராத்திரி உங்க ஷூவைக் கழட்டும்போது உள்ளே என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. எந்த நாட்டில் செஞ்சதுன்னு இருக்கும், சைஸ் இருக்கும். எந்த ஆத்தங்கரைன்னு இருக்காது. அதைக் கேட்க வேண்டியது நாமதான்.